கஞ்சாவைச் சட்டம் அனுமதித்தால் என்ன ஆகும்? கனடாவில் கண்டது

கேள்வி இதுதான்: கனடாவில் 2018 முதல் கஞ்சா சட்டப்படி கடையில் விற்கப்படுகிறது. அதனால் நாடு கெட்டுப்போனதா, நன்மை ஏதும் நடந்ததா? சாராயத்தைவிடக் கெடுதல் குறைவு என்கிறார்களே, உண்மையா? இந்தியாவும் அதே வழியில் போகலாமா?

நான் டொராண்டோவில் மருந்தாளுநராக இருக்கிறேன். சட்டம் வருவதற்கு முன்னும் இதே வேலைதான், பின்னும் இதே வேலைதான். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கஞ்சா புகைத்தவரைச் சிறையில் போடக்கூடாது என்பது ஒரு முடிவு. கஞ்சாவைக் கடைச்சரக்காக்கி, நிறுவனங்கள் போட்டி போட்டு விற்கலாம் என்பது இன்னொரு முடிவு. பேசும்போது இரண்டையும் ஒரே பையில் போட்டுவிடுகிறோம். முதலாவதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். இரண்டாவதைக் கனடா செய்த விதத்தில் எனக்குக் கவலைகள் உண்டு.

கனடா 1923இல் கஞ்சாவைத் தடை செய்தது. அந்தத் தடையில் முதல் பெரிய ஓட்டையைப் போட்டவர் டெரன்ஸ் பார்க்கர் என்ற வலிப்பு நோயாளி. வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத வலிப்பு கஞ்சாவால் குறைகிறது என்று அவர் நீதிமன்றத்துக்குப் போனார். மருத்துவத் தேவைக்குக்கூட விலக்கு இல்லாத தடை அரசமைப்புக்கு எதிரானது என்று, டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000இல் சொன்னது. அதன்படி 2001இல் மருத்துவக் கஞ்சாவுக்கு விதிகள் வந்தன. பிறகு 2018 அக்டோபர் 17 அன்று எல்லா வயதுவந்தோருக்கும் விற்பனை தொடங்கியது. நாடு முழுக்க இப்படி அனுமதித்ததில் உருகுவேக்கு அடுத்து கனடாதான்.

சட்டம் தனக்கு வைத்துக்கொண்ட நோக்கங்களில் முக்கியமானவை மூன்று: சிறுவர் கைக்கு எட்டாமல் வைப்பது, கள்ளச் சந்தைக்காரர்களின் வருமானத்தைப் பறிப்பது, வாங்குபவருக்குச் சோதித்த சரக்கு கிடைக்கச் செய்வது. 'எல்லோரும் புகையுங்கள்' என்று எந்த அரசும் சொல்லவில்லை. பொது இடத்தில் ஒருவர் 30 கிராம் உலர்ந்த கஞ்சா வரை வைத்திருக்கலாம். பெரும்பாலான இடங்களில் வீட்டுக்கு 4 செடி வளர்க்கலாம். வாங்குவதற்கான குறைந்தபட்ச வயது பெரும்பாலான மாகாணங்களில் 19, கியூபெக்கில் 2020 முதல் 21. சிறுவருக்கு விற்றால் 14 ஆண்டு வரை சிறை. பொட்டலத்தில் கவர்ச்சிப் படம் கூடாது, மஞ்சள் கட்டத்தில் எச்சரிக்கை இருக்கவேண்டும், குழந்தை திறக்க முடியாத மூடி வேண்டும்.

நன்மையைச் சொல்லாமல் விட்டால் அது நியாயமில்லை. சட்டத்துக்கு முன் ஆண்டுதோறும் பல்லாயிரம் பேர்மீது வழக்குப் பதிவானது, அதில் மிகப் பெரும்பகுதி வெறுமனே கையில் வைத்திருந்ததற்காக. இருபது வயதில் பிடிபட்ட பையனுக்கு அந்தக் குற்றப்பதிவு வேலைக்குப் போகும்போது, வீடு வாடகைக்குக் கேட்கும்போது, எல்லை தாண்டும்போது எல்லாம் கூடவே வரும். வெள்ளையர் பிள்ளையைவிடக் கறுப்பினப் பிள்ளையும் பூர்வகுடிப் பிள்ளையும்தான் அதிகம் பிடிபட்டார்கள். அந்த வழக்குகள் இன்று கிட்டத்தட்ட இல்லை. பழைய பதிவுகளைக் கட்டணமின்றி ஒதுக்கி வைக்க 2019இல் தனிச் சட்டமே போட்டார்கள். ஆனால் நீங்களாக விண்ணப்பிக்கவேண்டும், ஆவணங்கள் திரட்டவேண்டும் என்று வைத்ததால், முதல் சில ஆண்டுகளில் சில நூறு பேருக்குத்தான் அது பலித்தது. தானாகவே அழித்திருக்கவேண்டிய பதிவுகள் அவை.

சோதித்த சரக்கு என்பதன் மதிப்பு 2019இல் அமெரிக்காவில் தெரிந்தது. வேப் கருவி (திரவத்தைச் சூடாக்கி ஆவியாக இழுக்கும் கருவி) வழியாக இழுத்தவர்களுக்குத் திடீரென்று நுரையீரல் பழுதாகி, 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், 68 பேர் இறந்தார்கள். காரணம் தேடிப் பார்த்ததில், கள்ளச் சந்தைக் கஞ்சாக் குப்பிகளில் எண்ணெயைக் கெட்டியாகக் காட்டக் கலந்த வைட்டமின் ஈ அசிடேட் பெரிய குற்றவாளி என்று தெரியவந்தது. யார் செய்தார், என்ன கலந்தார் என்று கேட்க ஆள் இல்லாத சரக்கு அது. கனடாவில் உரிமம் பெற்ற பொருளுக்கு ஆய்வகச் சோதனை உண்டு: பூச்சிமருந்து, பூஞ்சை, உலோகம் எல்லாம் பார்க்கிறார்கள். உரிமம் பெற்ற ஒரு பெரிய நிறுவனமே அனுமதி இல்லாத அறைகளில் பயிர் செய்து 2019இல் பிடிபட்டு, உரிமம் நிறுத்தப்பட்டதும் நடந்தது. ஆனாலும் பிடிக்க ஆள் இருக்கிறார்கள், கேட்க இடம் இருக்கிறது.

கள்ளச் சந்தை ஒழிந்ததா என்றால், ஒழியவில்லை, சுருங்கியது. இன்று பெரும்பான்மையோர் சட்டப்படியான கடையில்தான் வாங்குகிறார்கள். ஒன்டாரியோவில் 2019 ஏப்ரலில் குலுக்கல் முறையில் 25 கடைகளுக்கு வாய்ப்புக் கொடுத்துத் தொடங்கியது, இப்போது ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. சில தெருக்களில் தேநீர்க்கடையைவிட நெருக்கமாக நிற்கின்றன. கியூபெக் வேறு வழியில் போனது. அங்கே விற்பது அரசு நிறுவனம் மட்டும், கடைகளும் குறைவு.

இனி என்னை உறுத்துகிற இடத்துக்கு வருகிறேன். கஞ்சாவில் போதை தருகிற பொருள் டி.எச்.சி. இஸ்ரேலில் மெக்குலம், கவோனி என்ற விஞ்ஞானிகள் 1964இல் அதைப் பிரித்தெடுத்தார்கள். அது மூளையில் ஒரு பூட்டில் சாவிபோலப் பொருந்தித்தான் வேலை செய்கிறது. நம் மூளையே இதே பூட்டில் பொருந்துகிற ஒரு சாவியைச் சுரக்கிறது என்பது 1992இல் தெரியவந்தது. அதற்கு வைத்த பெயர் ஆனந்தமைடு, நம் 'ஆனந்தம்' என்ற அதே சமஸ்கிருதச் சொல்லிலிருந்து எடுத்தது. மூளை அதைத் துளியளவு சுரந்து உடனே அழித்துவிடும். டி.எச்.சி அப்படிப் போகாது, பூட்டில் நெடுநேரம் உட்கார்ந்துகொள்ளும்.

அமெரிக்காவில் 1995இல் பிடிபட்ட கஞ்சாவில் சராசரியாக 4 சதவீத டி.எச்.சி இருந்தது. இன்று டொராண்டோக் கடையில் 20, 25 சதவீத டி.எச்.சி உள்ள கஞ்சாப் பூதான் சாதாரணம். வடித்தெடுத்த சாறுகளில் 80 சதவீதத்தையும் தாண்டும். 'நாங்களும் கல்லூரியில் இழுத்தோம், எங்களுக்கு என்ன ஆகிவிட்டது' என்று சொல்கிற அறுபது வயதுக்காரர் இழுத்தது வேறு, அவர் பேரன் இழுப்பது வேறு. பெயர்தான் ஒன்று. பீரையும் பட்டைச் சாராயத்தையும் ஒரே குவளையில் ஊற்றிக் குடித்துவிட்டு 'ஒரு குவளைதான்' என்று சொல்வது போன்ற கணக்கு.

இந்த வீரியத்துக்கும் மனநோய்க்கும் உள்ள தொடர்பு புதிதாகக் கிளம்பிய பயம் இல்லை. சுவீடனில் ராணுவத்துக்கு எடுக்கப்பட்ட 45,570 இளைஞர்களை 15 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 1987இல் வெளியிட்ட ஆய்வில், 50 முறைக்கு மேல் கஞ்சா பயன்படுத்தியவர்களுக்கு மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரீனியா) வரும் வாய்ப்பு 6 மடங்கு தெரிந்தது. ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் 11 இடங்களில் நடந்து 2019இல் வந்த ஆய்வு இன்னும் நெருங்கிப் பார்த்தது. தினமும் இழுப்பவர்களுக்கு, நிஜம் எது என்ற பிடி தவறுகிற மனப்பிறழ்வு நோய் வாய்ப்பு 3 மடங்கு. அதுவே 10 சதவீதத்துக்கு மேல் டி.எச்.சி உள்ள சரக்கைத் தினமும் இழுத்தால் ஏறத்தாழ 5 மடங்கு. இன்று நம் கடையில் 10 சதவீதச் சரக்கைத் தேடித்தான் எடுக்கவேண்டும்.

ஒன்டாரியோவின் சொந்தக் கணக்கும் 2025இல் வந்தது. மாகாணத்தின் புதிய மனச்சிதைவு நோயாளிகளில், கஞ்சாப் பழக்கம் முற்றிய நிலையோடு தொடர்புபடுத்தக்கூடிய பங்கு சட்டத்துக்கு முன் 3.7 சதவீதம், சட்டத்துக்குப் பின் 10.3 சதவீதம். இதை நேர்மையாகப் படிக்கவேண்டும். மொத்த மனச்சிதைவு நோயாளிகள் மூன்று மடங்கு ஆகிவிட்டார்கள் என்று இதற்குப் பொருள் கிடையாது. நோய் தொடங்குகிற பிள்ளை, மனதில் கேட்கும் குரல்களை அடக்க கஞ்சாவைத் தேடிப் போவதும் உண்டு. எது முந்தியது என்பதை இந்தக் கணக்கால் மட்டும் தீர்க்க முடியாது. ஆனால் எல்லா ஆய்வும் ஒரே பக்கம் கையைக் காட்டும்போது, அப்பா, அம்மா, சித்தப்பா, மாமா என்று குடும்பத்தில் ஒருவருக்கு மனச்சிதைவோ இருமுனைக் கோளாறோ இருந்தால், அந்த வீட்டுப் பிள்ளை இதைத் தொடவே கூடாது என்று நான் தயங்காமல் சொல்வேன். நம் வீடுகளில் அந்த வரலாற்றை மறைத்து வைக்கிறோம். 'மாமாவுக்கு நரம்புத் தளர்ச்சி' என்று சொல்லி முடித்துவிடுகிறோம். பிள்ளைக்கு உண்மையைச் சொல்லுங்கள், அவன் அதைத் தெரிந்துகொண்டே ஆகவேண்டும்.

சரி, அரசு இந்த வீரியத்தைக் கட்டுப்படுத்தியதா? இங்கேதான் கனடா சறுக்கியது. பூவுக்குக் கலால் வரி கிராமுக்கு 1 டாலர் அல்லது விலையில் 10 சதவீதம், எது அதிகமோ அது. விலை மளமளவென்று விழுந்ததால் பெரும்பாலும் அந்த 1 டாலர்தான் வரி. 8 சதவீதச் சரக்குக்கும் அதே ஒரு டாலர், 30 சதவீதச் சரக்குக்கும் அதே ஒரு டாலர். விளைவிப்பவருக்கு எது லாபம்? காசுக்கு எவ்வளவு போதை என்று கணக்குப் பார்த்து வாங்குபவர் எதை எடுப்பார்? சட்டமே எல்லோரையும் வீரியத்தின் பக்கம் தள்ளிவிட்டது. மிட்டாய்க்கும் சாறுக்கும் மட்டும் டி.எச்.சி மில்லிகிராமுக்கு ஒரு சென்ட் என்று வரி வைத்தவர்கள், பூவுக்கு ஏன் அப்படி வைக்கவில்லை என்பது எனக்கு இன்றும் ஆற்றாமைதான். சட்டத்தை மறுஆய்வு செய்த நிபுணர் குழு 2024இல் கொடுத்த அறிக்கையில், வீரியத்துக்கு ஏற்ப வரி ஏறுவதைப் பரிசீலிக்கச் சொன்னது. கியூபெக் 30 சதவீதத்துக்கு மேல் விற்பதையே தடுத்து வைத்திருக்கிறது. அந்த வரம்பே அதிகம், இருந்தாலும் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள்.

கியூபெக்கைத் திரும்பத் திரும்பச் சொல்லக் காரணம் உண்டு. 2019 அக்டோபரில் கனடாவில் கஞ்சா கலந்த தின்னும் வகைகள் அனுமதிக்கப்பட்டன: ஜெல்லி மிட்டாய், சாக்லேட், பிஸ்கட். ஒரு பொட்டலத்துக்கு 10 மில்லிகிராம் டி.எச்.சிதான் என்று வரம்பு வைத்தார்கள், அது நல்ல விதி. ஆனால் மூன்று வயதுக் குழந்தைக்கு ஜெல்லி மிட்டாய் என்றால் ஜெல்லி மிட்டாய்தான். எச்சரிக்கை படிக்கவா போகிறது? தின்னும் வகைகள் வந்த பின், ஒன்டாரியோவில் 10 வயதுக்குட்பட்ட குழந்தைகள் கஞ்சா நச்சுடன் அவசரப்பிரிவுக்கு வருவது முன்பைவிட ஏறத்தாழ 9 மடங்கு ஆனது. கியூபெக் மிட்டாய், சாக்லேட் வடிவங்களை விற்க விடவில்லை. அங்கேயும் குழந்தை நச்சுச் சம்பவங்கள் கூடின, ஆனால் மற்ற மாகாணங்கள் அளவுக்குக் கூடவில்லை. ஒரே நாடு, ஒரே தேதி, ஒரே சட்டம். விற்கிற வடிவம் மட்டும் வேறு.

கள்ளச் சந்தை மிட்டாயில் 500 மில்லிகிராம் என்றுகூடப் போட்டிருக்கும். பிரபலமான மிட்டாய்ப் பொட்டலத்தை அப்படியே நகலெடுத்திருப்பார்கள். தின்றால் போதை ஏற அரை மணி முதல் 2 மணி நேரம் ஆகும், ஏனென்றால் குடலில் இறங்கி ஈரலுக்குப் போய் அங்கே இன்னும் கடுமையான ஒரு வடிவமாக மாறி மூளைக்கு வருகிறது. 'ஒன்றும் செய்யவில்லையே' என்று இரண்டாவதைத் தின்கிற பெரியவர்கள்தான் இரவு அவசரப்பிரிவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள். வீட்டில் இருந்தால் பூட்டி வையுங்கள். குழந்தை தூங்கி வழிந்தால், நடை தள்ளாடினால், மருத்துவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால், மூளைக்காய்ச்சலாக இருக்குமோ என்று அந்தக் குழந்தைக்கு முதுகுத்தண்டில் ஊசி போட்டுப் பார்க்க நேரிடும்.

சாராயத்தோடு ஒப்பிடுவதைப் பற்றி. அளவு மீறிக் குடித்தால் மூச்சு நின்று சாகலாம். கஞ்சா அப்படி மூச்சை நிறுத்துவது பெரியவர்களிடம் மிக அரிது. ஈரல், வன்முறை, விபத்து என்று சேர்த்துப் பார்த்தால் சாராயம் சமூகத்துக்குச் செய்கிற அழிவு பெரியது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இந்த ஒப்பீட்டால் கஞ்சாப் பழக்கத்தில் விழுந்தவருக்கு ஒரு பயனும் கிடையாது. பயன்படுத்துகிறவர்களில் 100க்கு 9 பேர் அடிமையாகிறார்கள், பதின்வயதில் தொடங்கியவர்களில் 6 பேரில் ஒருவர் என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் கணக்கு. நீண்ட காலம் இழுப்பவர்களில் சிலருக்கு நிற்காத வாந்தி வரும். சுடுநீரில் நின்றால் மட்டும் தணியும். தினமும் நாலைந்து முறை சுடுநீரில் குளிக்கிறான், எல்லாச் சோதனையும் சரியாக இருக்கிறது என்று ஒரு தாய் வந்து சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி கஞ்சாதான்.

அப்புறம் மருந்து என்ற பேச்சு. டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் ஒரு அம்மா மூட்டுவலிக்கு கஞ்சா எண்ணெய் எடுக்கத் தொடங்கியிருந்தார். அவர் சொன்னது: 'கடையில விக்கிற சாமான்தானே தம்பி, அரசாங்கமே விட்டிருக்கு, பிறகென்ன பயம்?' அவர் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர். கஞ்சாவில் உள்ள, போதை தராத சி.பி.டி என்ற பொருள்கூட ஈரலில் வார்ஃபரின் கழிவதைத் தடுத்து, ரத்தக்கசிவு வரை கொண்டுபோகலாம். விற்ற கடைக்காரப் பையன் அதைக் கேட்கவில்லை, கேட்கும் கடமையும் அவனுக்கு இல்லை. கஞ்சாவிலிருந்து வந்த உண்மையான மருந்து இருக்கிறது. குழந்தைகளின் இரண்டு கொடிய வலிப்பு நோய்களுக்கு, தூய சி.பி.டி திரவத்தை அமெரிக்க மருந்து ஆணையம் 2018இல் அங்கீகரித்தது. அது அளந்து, சோதித்து, மருத்துவர் கண்காணிப்பில் கொடுப்பது. புற்றுநோய்ச் சிகிச்சை வாந்திக்கும், சில நரம்பு வலிகளுக்கும் பலன் உண்டு. புற்றுநோயையே கரைக்கும் என்று சொல்லிப் பரப்புகிற காணொளிகளை நம்பி, சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன்.

வாகனம் ஓட்டுவதில் ஒரு தனி ஆபத்து நம்மவர்களுக்கு இருக்கிறது. ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 2 நானோகிராம் டி.எச்.சி இருந்தாலே குற்றம், 5 தாண்டினால் பெரிய குற்றம். 2018 டிசம்பர் முதல் போதையில் ஓட்டுவதற்கான உச்சத் தண்டனை 10 ஆண்டு. குடியுரிமை எடுக்காத நிரந்தர வதிவாளர் இதில் தண்டனை பெற்றால், குடிவரவுச் சட்டம் அதைக் கடுங்குற்றம் என்று எடுத்துக்கொள்ளலாம், நாட்டில் இருக்கும் உரிமையே கேள்விக்குள்ளாகும். ஊருக்குப் போகும்போது பையில் மறந்துபோய்க்கூட இருக்கக்கூடாது. சிங்கப்பூரில் 500 கிராமுக்கு மேல் கடத்தினால் தூக்கு. அந்நாட்டுக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் பயன்படுத்திவிட்டு வந்தாலும் அங்கே வழக்கு.

விதி எழுதாமல் கதவைத் திறந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தாய்லாந்து இருக்கிறது. 2022 ஜூன் 9 அன்று போதைப்பொருள் பட்டியலிலிருந்து கஞ்சாவை எடுத்தார்கள், ஆனால் விற்பனையை ஒழுங்குபடுத்தும் முழுச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறவில்லை. ஆயிரக்கணக்கில் கடைகள் முளைத்தன. மூன்று ஆண்டு கழித்து, 2025 ஜூனில், பூ வாங்க மருத்துவச் சீட்டு வேண்டும் என்று திரும்பிப் போனார்கள்.

இந்தியா. பிரிட்டிஷ் அரசு அமைத்த இந்தியக் கஞ்சா ஆணையம் 1893-94இல் 1,193 சாட்சிகளை விசாரித்து, மிதமான பயன்பாட்டால் பெருங்கேடு இல்லை, முழுத்தடை வேண்டாம், உரிமமும் வரியும் போதும் என்று சொன்னது. அது பலமுறை மேற்கோளாகிறது. அந்த ஆணையம் பார்த்த கஞ்சா 25 சதவீதப் பூ கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். இந்தியாவின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் பூவையும் பிசினையும் தடுத்தது, பூ சேராத இலையையும் விதையையும் விட்டுவிட்டது. அதனால்தான் சில மாநிலங்களில் பாங் (கஞ்சா இலையை அரைத்துச் செய்வது) விற்கும் கடை உரிமத்தோடு நடக்கிறது. எய்ம்ஸ் 2019இல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, ஓராண்டுக்குள் பாங், கஞ்சா, சரஸ் (கஞ்சாப் பிசின்) ஏதாவது ஒன்றைப் பயன்படுத்தியவர்கள் ஏறத்தாழ 3.1 கோடி பேர்.

இவ்வளவு பெரிய நாட்டில், சாராய விற்பனையையே ஒழுங்காகக் கண்காணிக்க முடியாத நிலையில், டொராண்டோ மாதிரிக் கடை திறப்பதை நான் எதிர்ப்பேன். வீரியத்தை அளக்க மாவட்டத்துக்கு ஓர் ஆய்வகம், பழக்கத்தில் விழுந்தவருக்குப் படுக்கை, மனநல மருத்துவர் என்று எதுவும் போதாத இடத்தில், லாபம் மட்டும் முதலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆனால் கையில் ஒரு பொட்டலத்தோடு பிடிபட்ட பத்தொன்பது வயதுப் பையனைக் கடத்தல்காரன் மாதிரி நடத்துவதையும் எதிர்ப்பேன். இன்றுள்ள சட்டத்திலேயே ஒரு வழி இருக்கிறது, பெரும்பாலான பெற்றோருக்கு அது தெரியாது. அதன் 64ஏ பிரிவின்படி, போதைக்கு அடிமையான ஒருவர்மேல் பயன்படுத்தியதற்கோ சிறிய அளவு தொடர்பாகவோ வழக்கு வந்தால், அவர் தானாக முன்வந்து அரசு நடத்துகிற அல்லது அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்துக்கொண்டால், அந்த வழக்கிலிருந்து விலக்கு உண்டு. சிகிச்சையை முழுமையாக முடிக்கவேண்டும் என்பது நிபந்தனை. கஞ்சாவுக்குச் சிறிய அளவு என்பது ஒரு கிலோ வரை. பிள்ளையைக் கூட்டிப்போனால் போலீஸ் வந்துவிடும் என்று பயந்து வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்திருப்பவர்கள் 14446 என்ற அரசு உதவி எண்ணை அழைத்து, பக்கத்தில் எந்த மையம் இருக்கிறது என்று கேளுங்கள்.